சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு கவர்!

இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாமா? உங்கள் வீட்டுக்குத் தபாலில் வரும் கவர்கள் எல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன? டி.வி. மேலேயா, அரிசி டின் மேலேயா, இல்லை ஜன்னல் கம்பியில் செருகி வைக்கிறார்களா? பதிலை மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது திரும்பக் கேட்பேன்.

எங்கள் வக்கீல் ஆபீஸ், டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஊரில், கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் நாங்கள். மற்ற நாள்களில் கட்சிக்காரர்கள், கேஸ் கட்டு, வாய்தா, குமாஸ்தாவின் அவசரம் என்று ஒரே பரபரப்பு. சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு மேல் மட்டும் சீன் வேறு. சீனியர் கறுப்பு கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வராண்டாவில் வந்து உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் ஒரு மர பெஞ்ச். யார் வேண்டுமானாலும் தன்னிடம் இருக்கும் பேப்பரைக் கொண்டுவந்து காட்டி, 'இது என்னங்கய்யா?' என்று கேட்கலாம். ஃபீஸ் கிடையாது. கீழே டீக்கடையில் சொல்லி வரவழைக்கிற டீயும் சீனியர் கணக்கு!

போன வருஷம் ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. எழுபது வயசு தாண்டிய ஒரு பாட்டி, கூடவே இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கும் பேரன். பாட்டி கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு கவர். கவரின் மூலையில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"அமீனா வந்தாருங்கய்யா. கொல்லைப்பக்கத்து இடத்தை அளந்து, எடுத்துக் கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவாம். எங்க வீட்டுக்காரரு காலத்துலேர்ந்து நாங்க அனுபவிக்கிற இடம். யாரும் எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கலையே!"

சீனியர் கவரைத் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவே இல்லை. உள்ளே கோர்ட் சம்மன், கூடவே பிராது நகல். "ஏம்மா, இது எப்ப வந்துச்சு?" என்றார்.

"தீவாளிக்கு முன்னாடி வந்துச்சுங்க. கோர்ட் முத்திரை இருந்துச்சா... பத்திரமா இருக்கட்டும்னு சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சுட்டேன்."

ஒன்பது மாதம்! முருகன் படத்துக்குப் பின்னாடி அந்தக் கவர் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. வெளியேதான் வழக்கு நடந்து, தீர்ப்பாகி, அமீனா வீடு வரைக்கும் வந்துவிட்டார்.

பேரன் தலை நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான். "தீவாளிக்கு நான் ஊருக்கு வந்திருந்தப்ப பாட்டி எங்கிட்ட காட்டுனாங்க சார். 'இது என்னன்னு படிச்சுச் சொல்லுய்யா'ன்னாங்க. அப்புறம் பார்க்கறேன் பாட்டின்னு சொல்லிட்டு போன்ல உட்கார்ந்துட்டேன். அப்படியே ஹாஸ்டலுக்குப் போயிட்டேன்."

அவனைத் திட்டத் தோன்றவில்லை, பாஸ். ஏனென்றால் அந்த 'அப்புறம் பார்க்கறேன்' நம் எல்லார் வாயிலும் தினம் வருகிற வார்த்தைதானே?

வில்லன் யார் தெரியுமா?

இந்தக் கதையில் வில்லன் எதிர்க்கட்சி இல்லை. கோர்ட்டும் இல்லை. தேதி! சட்டத்தில் பாதி விஷயம் நியாயம் என்றால், மீதிப் பாதி நாள் கணக்கு. எத்தனை பெரிய நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், நாள் தவறினால் அதை எடுத்துச் சொல்ல மேடையே கிடைக்காமல் போகலாம்.

பாட்டி விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். சிவில் வழக்கில் சம்மன் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். 'எதிர் வழக்குரை' என்று அதற்குப் பெயர். காரணம் சொல்லிக் கேட்டால் கோர்ட் 90 நாள் வரை நீட்டிக்கலாம் என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் பொதுக் கணக்கு. பதிலும் போடவில்லை, வாய்தாவுக்கும் போகவில்லை என்றால் கோர்ட் என்ன செய்யும்? ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்லும். இதைத்தான் கோர்ட் பாஷையில் 'எக்ஸ்பார்ட்டி' என்கிறார்கள். 'ஒருதலைப்பட்சத் தீர்ப்பு' என்று பேப்பரில் படித்திருப்பீர்கள்.

ஆனால், கதவு முழுசாக மூடிவிடாது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம். அதற்கும் 30 நாள்தான்! தீர்ப்பு தேதியிலிருந்து எண்ண வேண்டும். சம்மன் ஒழுங்காகச் சார்வு ஆகவில்லை என்றால் மட்டும், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம். பாட்டி சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். ஆகவே அந்தச் சலுகையும் இல்லை. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு, தாமதமான நாள்களுக்குக் காரணம் சொல்லி ஒரு பிரமாணப் பத்திரம், அமீனாவை நிறுத்திவைக்க இன்னொரு மனு... ஒரே ஒரு கவரைப் பிரிக்காமல் விட்டதற்கு இத்தனை வேலை.

கோர்ட் பாட்டியின் வயசையும் நிலைமையையும் பார்த்து மனுவை ஏற்றுக்கொண்டது. சும்மா இல்லை, எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்லித்தான். வழக்கு இப்போது முதலிலிருந்து நடக்கிறது. ஜெயிப்பாரா, தோற்பாரா? தெரியாது. ஆனால், தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. அது தீபாவளி லீவிலேயே கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு.

எந்தக் கவர்... எத்தனை நாள்?

சரி, உங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் வரக்கூடிய கவர்களை வகை பிரித்துப் பார்த்துவிடலாமா? பேனாவை எடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ்: இது வந்தாலே கேஸ் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. அது கோர்ட் உத்தரவும் இல்லை. ஒருவர் தன் வக்கீல் மூலமாக 'இது என் குறை, இத்தனை நாளில் பதில் சொல்லு' என்று எழுதும் கடிதம், அவ்வளவுதான். அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சரியான பதில் கொடுத்தால் பல தகராறுகள் கோர்ட் வாசலுக்கே வராமல் முடிந்துவிடும். பதிலே கொடுக்காவிட்டால், 'அன்றைக்கே மறுத்திருக்கலாமே, ஏன் மறுக்கவில்லை?' என்ற கேள்வி பின்னாடி வரும்.

செக் பவுன்ஸ் நோட்டீஸ்: இது கொஞ்சம் சீரியஸ். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள், பணம் வர வேண்டியவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள், செக் கொடுத்தவர் பணத்தைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார் போடலாம். இது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. இரண்டு வருஷம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று சட்டம் சொல்கிறது. ஆக, அந்த 15 நாள்தான் தங்கமான நாள்.

இதில் நம் வயசுக்காரர்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா எச்சரிக்கை. 'மச்சி, சும்மா ஒரு செக்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுடா, தொகையை நான் எழுதிக்கறேன்' என்று யாராவது கேட்டால், அன்போடு மறுத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை நீங்களாகவே கொடுத்திருந்தால், தொகையை வேறு ஆள் நிரப்பியிருந்தாலும் அந்தச் செக் கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றுதான் சட்டம் முதலில் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலைவலி. 2019-ல் உச்ச நீதிமன்றம் பீர் சிங் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஜாமீன் கையெழுத்தும் இதே ரகம்தான். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு.

கோர்ட் சம்மன்: மேலே சொன்ன 30 நாள் கணக்கு. சம்மனில் கோர்ட் பெயர், வழக்கு எண், வாதி-பிரதிவாதி பெயர், வாய்தா தேதி எல்லாம் இருக்கும். அந்த வாய்தா தேதியைத்தான் முதலில் தேட வேண்டும்.

பேங்க் நோட்டீஸ்: வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, தவணை நின்றுபோனால், 2002-ம் வருஷத்து சர்ஃபாசி சட்டப்படி ஒரு நோட்டீஸ் வரும். முழுத் தொகையையும் கட்ட 60 நாள். அந்த 60 நாளில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கணக்கில் தப்பு இருக்கிறது என்றோ, வேறு ஆட்சேபணை என்றோ எழுத்து மூலம் கொடுக்கலாம். பேங்க் அதை ஏற்கவில்லை என்றால், அதற்கான காரணத்தை 15 நாளுக்குள் எழுதிச் சொல்லியாக வேண்டும். எழுதிக் கேட்டவருக்குத்தான் இந்தப் பதில் கிடைக்கும்.

போலீஸ் நோட்டீஸ்: 'விசாரணைக்கு வரவும்' என்று ஒரு பேப்பர் வந்தால் வீடே ஆடிப்போகும். 2024 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-வது பிரிவில், கைது தேவைப்படாத நேரங்களில் இப்படி நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடச் சொல்கிறார்கள். நோட்டீஸ்படி போய் ஒத்துழைத்துக்கொண்டே இருப்பவரை, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் அந்தக் குற்றத்துக்காகக் கைது செய்யக்கூடாது. பயந்து ஓடினால்தான் வம்பு.

'வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டேன்ல!'

எங்கள் பெஞ்சில் ரொம்பப் பெருமையாகச் சொல்லப்படும் வசனம் இது. போஸ்ட்மேன் கவரைக் கொண்டுவருகிறார். அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் 'இந்த ஆள் லெட்டர் எனக்கு வேணாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டு, ஏதோ கேஸையே திருப்பி அனுப்பிவிட்ட மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது!

ஸாரி பாஸ். சரியான விலாசத்துக்கு முறைப்படி தபாலில் அனுப்பிய கடிதத்தை, வாங்க மறுத்தால் கொடுக்கப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். செக் வழக்குகளில் இதைப் பற்றி 2007-ல் உச்ச நீதிமன்றம் விளக்கமாகவே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. திருப்பி அனுப்பியதால் நாள் ஓடுவது நிற்காது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாமல் போகும். கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைத் தாண்டுகிற கதைதான். வாங்குங்கள், படியுங்கள். வாங்கினேன் என்று கையெழுத்துப் போடுவது, 'உள்ளே இருப்பதெல்லாம் உண்மை' என்று ஒப்புக்கொள்வது ஆகாது.

'படிச்சாச்சு... வக்கீலுக்குக் குடுக்கக் காசு?'

நியாயமான கேள்வி. பாட்டியும் அதைத்தான் கேட்டார். 'வக்கீல் வெச்சா மாட்டை வித்துடணும்னு சொன்னாங்க' என்றார். அந்தப் பயமும் சேர்ந்துதான் கவரைச் சாமியிடம் ஒப்படைத்திருக்கிறார்.

ஆனால் அவருக்குத் தெரியாத ஒரு விஷயம்... பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அவருக்கு இலவச வக்கீல் கிடைத்திருப்பார்! 1976-ல் நம் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக்கூடாது, இலவச சட்ட உதவிக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அது. அதைச் செயல்படுத்த 1987-ல் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வந்தது. அது அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 9-ஐ தேசிய சட்டப் பணிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

யாருக்கெல்லாம் கிடைக்கும்? பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி-பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், மனிதக் கடத்தலில் பாதிக்கப்பட்டவர்கள், வெள்ளம், வறட்சி, பூகம்பம், சாதிக் கொடுமை போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள். இது தவிர, மாநில அரசு வைத்திருக்கும் வருமான வரம்புக்குக் கீழே இருக்கும் எல்லாருக்கும் உண்டு. வக்கீல் ஃபீஸ், கோர்ட் கட்டணம், பேப்பர் தயாரிக்கும் செலவு எல்லாம் அதில் அடக்கம்.

எங்கே போவது? உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே 'வட்ட சட்டப் பணிகள் குழு' இருக்கும். மாவட்டக் கோர்ட்டில் 'மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு'. ஒரு வெள்ளைத் தாளில் விஷயத்தை எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அங்கே இருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். கோர்ட் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறதா? 15100 என்ற இலவச நம்பருக்கு ஒரு போன் போடுங்கள்.

வழக்கை இழுக்காமல் பேசி முடிக்க விரும்பினால் லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் அங்கே தீர்வு. முடிந்துவிட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. கோர்ட்டில் நடந்துகொண்டிருந்த வழக்கு அங்கே முடிந்தால், கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும்.

'இவ்வளவு இருக்கே, அப்புறம் ஏன் யாருக்கும் தெரியலை? உங்க சனிக்கிழமை பெஞ்சுக்கே ஒரு போர்டு வைக்கலாமே?' என்று கேட்கிறீர்களா? நாங்கள் வைக்க முடியாது! வக்கீல்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர் பிடிக்கக்கூடாது என்பது பார் கவுன்சிலின் 36-வது விதி. பெயர்ப் பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும். அதே விதிப் புத்தகத்தில் இன்னும் பத்து விதி தள்ளிப் போனால், 46-வது விதி, 'ஏழைக்குச் சும்மா உதவுவது ஒரு வக்கீல் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று' என்ற அர்த்தத்தில் பேசுகிறது. ஆக, உதவணும், ஆனால் தம்பட்டம் அடிக்கக்கூடாது. அப்படியானால் செய்தியை யார் கொண்டுபோவது?

அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள்!

தெருவுக்கு ஒரு படிக்கிற ஆள்

இதற்காக நீங்கள் சட்டம் படிக்க வேண்டாம். பி.காம்., பாலிடெக்னிக், நர்சிங்... எதுவாக இருந்தாலும் ஓகே. படிக்கத் தெரிந்தால் போதும். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ ஒரு கவர் வந்தால் செய்ய வேண்டியவை இவ்வளவுதான்...

ஒன்று. அன்றைக்கே பிரியுங்கள். கவரைக் கிழித்து எறியாதீர்கள். தபால் முத்திரைத் தேதிதான் பின்னாடி சாட்சி. என்றைக்குக் கைக்கு வந்தது என்று கவர் மேலேயே எழுதிவையுங்கள்.

இரண்டு. யார் அனுப்பியது, எதற்காக, எந்தத் தேதிக்குள் என்ன செய்யச் சொல்கிறார்கள்... இந்த மூன்றையும் தேடி, வீட்டில் இருப்பவர்களுக்குத் தமிழில் உரக்கப் படித்துச் சொல்லுங்கள்.

மூன்று. எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியை காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். பெரியவர்கள் பார்ப்பது நாள் காலண்டரைத்தான், உங்கள் போன் அலாரத்தை இல்லை.

நான்கு. நிஜமா, டுபாக்கூரா என்று பாருங்கள். கோர்ட் வழக்கு என்றால் சி.என்.ஆர். என்று 16 இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு என்று வந்துவிடும். அந்த எண் சம்மனில் இல்லை என்றால் வழக்கு எண்ணையோ பெயரையோ வைத்தும் தேடலாம். வீடியோ காலில் யூனிஃபார்மோடு வந்து 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், பணம் போடுங்க' என்றால் யோசிக்கவே வேண்டாம். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வைத்துவிட்டு 1930-க்குப் புகார் சொல்லுங்கள்.

ஐந்து. கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கோ, தெரிந்த வக்கீலுக்கோ. 'போங்க பாட்டி' என்று சொல்வது வேறு, 'வாங்க பாட்டி, நானும் வர்றேன்' என்று கிளம்புவது வேறு.

ஒரே ஒரு கண்டிஷன். ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள்! 'இதெல்லாம் ஒண்ணும் ஆகாது பாட்டி' என்பதும் ஆலோசனைதான். 'உடனே கேஸ் போட்டுடலாம்' என்பதும் ஆலோசனைதான். அது வக்கீலாகப் பதிவு செய்தவரின் வேலை. உங்கள் வேலை படிப்பது, தேதி குறிப்பது, கூட்டிக்கொண்டு போவது.

இதையே முறையாகச் செய்ய ஆசை இருந்தால், சட்டப் பணிகள் ஆணைக்குழு 'சட்டத் தன்னார்வலர்'களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. சமூகப் பணி படிக்கும் மாணவர்கள், ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் இதில் சேரலாம். சட்டக் கல்லூரி மாணவர்களும் வக்கீலாகப் பதிவு செய்யும் வரை சேரலாம். மாவட்டக் கோர்ட்டில் விசாரித்தால் அடுத்த தேர்வு எப்போது என்று சொல்வார்கள். உங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நடுகிறீர்கள், ரோடு கூட்டுகிறீர்கள்... சூப்பர். அடுத்த முகாமில் ஒரு சாயங்காலம் மட்டும் 'உங்க வீட்டுல பிரிக்காத கவர் ஏதாவது இருக்கா?' என்று நாலு தெரு கேட்டுப் பாருங்கள். என்னவெல்லாம் வெளியே வருகிறது என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அந்தப் பேரன்...

மனுத் தாக்கல் ஆன அன்று அவன் சீனியரிடம் கேட்டான். "சார், பாட்டிகிட்ட நான் என்ன சொல்றது?"

சீனியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்ணும் சொல்ல வேணாம். அடுத்த தடவை அவங்க குடுத்தா, வாங்கிப் படி. போதும்" என்றார்.

இப்போது அவன் ஹாஸ்டலிலிருந்து ஊருக்கு வரும் சனிக்கிழமைகளில் எங்கள் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பான். வருகிறவர்களின் கவரை வாங்கி, தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கவரோடு பின் அடித்து சீனியரிடம் நீட்டுவான். வேறு எதுவும் பேசுவதில்லை. ஒருநாள் ஒரு விவசாயி வந்தார். கையில் நகைக்கடன் ஏல நோட்டீஸ். இவன் படித்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்து, வரிசையில் பின்னாடி நின்றவரை நேராக உள்ளே கூட்டிக்கொண்டு போனான். ஏலத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. திங்கள்கிழமை காலையிலேயே அந்த விவசாயி பேங்குக்குப் போய், வட்டியைக் கட்டி அவகாசம் வாங்கிவிட்டார். அவர் மனைவியின் சங்கிலி தப்பித்தது.

பாட்டி இன்னும் வாய்தாவுக்கு வந்துபோகிறார். மஞ்சள் பையில் இப்போது ஒரு ஃபைல் இருக்கிறது. 'இனிமே லெட்டர் வந்தா சாமிகிட்ட வெக்கிறதில்லைய்யா. பேரன்கிட்ட படம் புடிச்சு அனுப்பச் சொல்லி எதிர்வீட்டுப் புள்ளைகிட்ட குடுத்துடறேன்' என்கிறார் சிரித்துக்கொண்டே.

சரி... முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். உங்கள் வீட்டுக் கவர்கள் எங்கே இருக்கின்றன? டி.வி. மேலேயா, அரிசி டின் மேலேயா, ஜன்னல் கம்பியிலா?

இந்தப் பக்கத்தை மூடியதும் எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன். அப்படியே சாமி படத்துக்குப் பின்னாடியும்!

அடுத்த வாரம் சந்திப்போம்.